உள்ளேன் ஐயா

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆபீஸ்ல எல்லாருக்கும் இது தெரியும். அதனாலதான் வாடிக்கையாளர் யாரோடயும் பேச விடாம என்னைக் கெர்னல் பிரிவுல உட்கார வெச்சிருக்காங்க. ஒரு மெஷினுக்குக் கீழ இரும்பு, மோட்டார், வயர் இருக்கும். மேல ஸ்கிரீன், பட்டன், கலர் கலரா எழுத்து இருக்கும். நடுவுல உட்கார்ந்துக்கிட்டு யார் எப்போ பேசணும், யார் வாயை மூடணும்னு சொல்றது கெர்னல். எனக்கு ஏத்த வேலைதான்.

அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு, "பொற்கொடி, நீங்க நல்லாம்புதூர் வரைக்கும் போயிட்டு வரணும்"னான் பிரகதீஷ். எங்க கம்பெனி விக்கிற 'நண்டு'ங்கிற மெஷினுக்கு அவன்தான் தலைமைப் பொறுப்பு. என்னைவிடச் சின்னவன். சட்டையில ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சுலயும் இருக்காது.

"எதுக்கு?"

"அங்க ஒரு இன்சிடென்ட். ஒருத்தர் தவறிட்டார். ஆபரேட்டர் மிஸ்டேக்தான். நீங்க நேர்ல பார்த்து, மெஷின் சரியா இருக்குன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தா போதும்."

"என்ன எழுதணும்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் நான் எதுக்குப் போய்ப் பார்க்கணும்?"

"இதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே"ன்னு சிரிச்சான். எனக்கு வாயில நல்லா வந்துச்சு. முழுங்கிட்டுக் கிளம்பினேன்.

நண்டுன்னா பாதாளச் சாக்கடையில அடைப்பு எடுக்கிற மெஷின். நாலு சக்கரம், ஒரு நீளமான இரும்புக் கை, கை முனையில கொடுக்கு. அந்தக் கையோட மணிக்கட்டுல விஷவாயு இருக்கா இல்லையான்னு பார்க்கிற சென்சார். மனுசன் மேன்ஹோலுக்குள்ள இறங்கிச் சாகக் கூடாதுன்னு சொல்லித்தான் ஊர் ஊரா இதை வித்தாங்க. எங்க ஆபீஸ் வாசல்ல சுவர் உயரத்துக்கு ஒரு படம் இருக்கு. ஒரு அப்பா ரிமோட்டைப் பிடிச்சிருப்பார், பக்கத்துல அவர் பொண்ணு சிரிச்சிட்டு நிக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ள போறோம்.

நல்லாம்புதூர் நகராட்சி ஷெட்டுல நண்டு ஒரு மூலையில கிடந்துச்சு. போலீஸ் கட்டின கயித்துக்கு இந்தப் பக்கம் ஒரு பொண்ணு நின்னுட்டிருந்தா. முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். நகராட்சியோட பச்சைக் கோட்டு, கழுத்துல சின்ன சிலுவை. அவதான் ஆபரேட்டர் எஸ்தர்.

"கம்பெனியில இருந்து வருவாங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னாங்க"ன்னா. "கேளுங்க மேடம்."

"இறந்தவர் உனக்குத் தெரிஞ்சவராம்மா?"

"என் வீட்டுக்காரரு. ஜெயசிங். இதே மெஷின்ல ஹெல்பர்."

பிரகதீஷ் இதை என்கிட்ட சொல்லவே இல்லை. 'ஒருத்தர்'னு மட்டும்தான் சொன்னான்.

அவ அழாமத்தான் சொன்னா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கிற மேன்ஹோல். மூடியைத் திறந்து நண்டு கையை உள்ள விட்டிருக்கா. உள்ள கிடந்த சாக்குல கை மாட்டிக்கிச்சு. ஸ்கிரீன்ல பச்சை. பச்சைக்குக் கீழ ஒரு வரி: 'வாயு இல்லை. ஆள் இறங்கலாம்.'

"'இறங்கவா'ன்னு கேட்டாரு. நான் பச்சையைப் பார்த்தேன். 'உம்'னு சொன்னேன். கீழ இறங்கினா மேல இருந்து பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும் மேடம். உள்ள இருந்து 'உம்'னு வரணும். அதான் எங்க பழக்கம். கூப்பிட்டேன், வந்துச்சு. திரும்பக் கூப்பிட்டேன், வரலை. நிமிர்ந்து ஸ்கிரீனைப் பார்த்தா அப்பவும் பச்சைதான்."

போலீஸ் கேஸ் போட்டாச்சு. மறுநாள் காலையில கோட்டாட்சியர் விசாரணை. மெஷின் சிவப்புதான் காட்டியிருக்கும், இவதான் கவனிக்காம புருஷனை இறக்கிட்டான்னு கம்பெனி எழுதிக் கொடுத்திருந்துச்சு. கோட்டாட்சியரும் அதையே எழுதினா இவளுக்கு ஜெயில்தான். புருஷனைக் கொன்னவங்கற பேரு தனியா.

"நீ என்ன நினைக்கிற?"ன்னு கேட்டேன்.

"எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு மேடம். அத்தனை பேரு சிவப்புன்னு சொல்றாங்க. ஒருவேளை நான்தான் சரியாப் பார்க்கலையோ என்னவோ."

கண்ணால பார்த்ததையே ஒருத்தியை நம்ப விடாம அடிக்கிறதுக்கு எத்தனை பெரிய மனுசங்க சேர்ந்திருக்காங்க.

காவலுக்கு இருந்த போலீஸ்காரர்கிட்ட கம்பெனிக் கடிதத்தைக் காட்டிட்டு வேலையை ஆரம்பிச்சேன். முதல்ல சென்சாரைத் தனியா பார்த்தேன். அதைச் சோதிக்கிறதுக்குன்னே சின்ன சிலிண்டர்ல கொஞ்சம் விஷவாயு அடைச்சு வெச்சிருப்போம். சென்சார் மூக்குல குழாயைச் சொருகித் திறந்தா உடனே சிவப்பு. பிரமாதம். அப்புறம் கையைத் தனியா பார்த்தேன். மேல, கீழ, நல்லாவே ஆடுச்சு. எங்க ஆபீஸ் லேப்ல இவ்வளவுதான் செய்வாங்க. ரெண்டும் பாஸ்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க.

நான் எஸ்தரைக் கூப்பிட்டு, "அன்னைக்கு மாட்டின மாதிரியே மாட்டு"ன்னேன். அவ ஒரு பழைய சாக்கைக் கொடுக்குல சுத்தி, ஷெட் தூணோட கட்டினா. கை இழுத்துச்சு, வரலை. மோட்டார் முனகிச்சு. இப்போ சிலிண்டரைத் திறந்தேன்.

பச்சை.

முழுசாத் திறந்தேன். அழுகின முட்டை வாடை லேசா மூக்குல ஏறுச்சு. ஸ்கிரீன் அசையலை. 'வாயு இல்லை. ஆள் இறங்கலாம்.'

எஸ்தர் ஸ்கிரீன் பக்கத்துல வந்து நின்னு அந்த வரியைப் படிச்சா. நான் சிலிண்டரை மூடிட்டு லேப்டாப்பை மாட்டினேன். கெர்னலுக்குள்ள போய் ஒவ்வொரு வரியாப் பார்த்துக்கிட்டே வந்து, அந்த இடத்தைப் பிடிச்சேன். இவ்வளவு அற்பமான விஷயம்.

"என்ன மேடம் அது?"ன்னு கேட்டா.

"டிரைவர் சண்டை."

"நான்தானே மேடம் டிரைவர்?"

"நீ இல்லைம்மா. மெஷினுக்குள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சின்ன புரோகிராம் உண்டு. அதுக்கும் டிரைவர்னுதான் பேரு. கைக்கு ஒண்ணு, சென்சாருக்கு ஒண்ணு. ரெண்டையும் எழுதினது வேற வேற கம்பெனி. ஏதாவது சேதி இருந்தா கெர்னலைக் கூப்பிட ஆளுக்கு ஒரு மணி வெச்சிருக்கணும். செலவை மிச்சம் பிடிக்கிறேன்னு ரெண்டு பேரையும் ஒரே மணியில கட்டிட்டாங்க. மணி அடிச்சா, 'யாருப்பா, உன்னுதா?'ன்னு கெர்னல் வரிசையா கேட்கும். முதல்ல 'என்னுது'ன்னு சொல்றவனோட நிறுத்திக்கும்."

"சரி."

"ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, வராதவனுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் 'உள்ளேன் ஐயா' சொல்லுவான்ல?"

"எங்க கிளாஸ்ல ஒருத்தி குரலை மாத்தி மாத்திச் சொல்லுவா."

"அவதான் இந்தக் கையோட டிரைவர். கை ஒழுங்கா ஓடுற வரைக்கும் நல்ல பிள்ளை. மாட்டிக்கிட்டா பதறிடுது. எந்த மணி அடிச்சாலும் 'என்னுதுதான், என்னுதுதான்'னு எடுத்துக்குது. சென்சார் 'வாயு, வாயு'ன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. அதுக்கும் சேர்த்து இது உள்ளேன் ஐயா போடுது. சென்சார் செத்திருந்தாக்கூட கெர்னல் கண்டுபிடிச்சிருக்கும். பதில்தான் வந்துக்கிட்டே இருக்கே. அதனால எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, கை சாக்கை இழுத்து அடியில இருந்த வாயு கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்த பச்சையையே காட்டிட்டிருக்கு."

எஸ்தர் நண்டையே பார்த்துக்கிட்டிருந்தா. "அப்போ அது உள்ள கத்திக்கிட்டேதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"ஏன் மேடம் முன்னாடியே யாரும் கண்டுபிடிக்கலை?"

"எங்க லேப்ல சாக்கும் மாட்டாது, வாயுவும் வராது. ரெண்டும் சேர்ந்து வர்றது சாக்கடையிலதான். அங்க நாங்க யாரும் வந்ததில்லை."

பிரகதீஷுக்கு வீடியோ கால் போட்டேன். சாக்கை மாட்டி, சிலிண்டரைத் திறந்து, பச்சையைக் காட்டினேன். அவன் முகம் வாடும்னு எதிர்பார்த்தேன். மலர்ந்துச்சு.

"பிரில்லியண்ட், பொற்கொடி. எப்போ சரி பண்ண முடியும்?"

"ஒவ்வொரு டிரைவரையும் பேர் சொல்லித் தனித்தனியா கேட்கிற மாதிரி கெர்னலை மாத்தணும். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் சொன்னா செல்லாது. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"சூப்பர். சாயங்காலமே எல்லா ஊருக்கும் அப்டேட் அனுப்பிடுங்க. நல்லாம்புதூர் மெஷினுக்கும் சேர்த்து. நாளைக்கு விசாரணையில நம்ம வக்கீல் அதை ஓட்டிக் காட்டப் போறார்."

எனக்குப் புரியறதுக்குக் கொஞ்ச நேரம் பிடிச்சுது. "சரி பண்ணின மெஷினையா ஓட்டிக் காட்டப் போறாரு?"

"மெஷின்தானே."

"அது சிவப்பு காட்டும். அப்போ சிவப்பைப் பார்த்தும் புருஷனை உள்ள இறக்கினான்னு இந்தப் பொண்ணு தலையில விழும்."

"அதை நாம சொல்லலையே. நாம ஓட்டிக் காட்டறோம், அவ்வளவுதான்."

"பழைய கெர்னல்ல பிழை இருந்துச்சுன்னு நான் எழுதித் தர்றேன்."

"தாராளமா எழுதுங்க. லீகல் டீமுக்கு அனுப்புங்க. வெளிய சொல்றதா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க."

"விசாரணை முடியட்டும். அப்புறம் இந்த மெஷினை மாத்தறேன்."

"அது எப்படி? அனுப்பினா எல்லாத்துக்கும் ஒரே நேரத்துலதான் போகும், நீங்கதானே அப்படி வெச்சீங்க? நாளைக்கு அனுப்பறேன்னு உட்கார்ந்திருந்தா, இன்னைக்கு இன்னொரு ஊர்ல ஏதாவது ஆச்சுன்னா, அது உங்க பொறுப்பு. யோசிச்சுக்கோங்க." குரல் ஏறவே இல்லை. டீ வேணுமா காபி வேணுமான்னு கேட்கிற மாதிரியே கேட்டான்.

"பிரகதீஷ், 'ஆள் இறங்கலாம்'னு ஒரு வரி இருக்கே. ஆள் இறங்கக் கூடாதுன்னுதானே மெஷினே? அதை யார் போடச் சொன்னது?"

"கை மாட்டினா யாராவது எடுக்கணும்ல? நகராட்சிகள் கேட்டாங்க. பச்சை காட்டினா இறங்கலாம்னு அரசாங்க விதியிலயே வழி விட்டிருக்காங்க."

"வாசல்ல மாட்டியிருக்கிற படத்துல அது இல்லையே."

"உணர்ச்சிவசப்படாதீங்க, பொற்கொடி"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டான்.

எப்பேர்ப்பட்ட புத்தி பாருங்க. பிழையைக் கண்டுபிடிச்சவ நான். அதைச் சரி பண்ணினா இந்தப் பொண்ணு உள்ள போவா. சரி பண்ணலைன்னா வேற எவனோ குழிக்குள்ள போவான். ரெண்டு பக்கமும் கம்பெனிக்குக் கை சுத்தம். ஸ்பேனரைத் தூக்கி ஷெட் சுவர்ல அடிச்சேன். போலீஸ்காரர் வெளியில இருந்து எட்டிப் பார்த்துட்டுப் போனார்.

எஸ்தர் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தா. ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வந்து டூல் பெட்டியில வெச்சா.

"அனுப்பிடுங்க மேடம்."

"உனக்குப் புரியுதா, இல்லையா? நாளைக்கு அது சிவப்பு காட்டும். நீ பொய் சொன்னேன்னு ஆயிடும்."

"புரியுது."

"அப்புறம் என்ன அனுப்பிடுங்க?" அவமேலயே எரிஞ்சு விழுந்தேன். தப்புதான். ஆனா அந்த நேரத்துல கோபத்தைக் கொட்ட வேற யாரும் கையில கிடைக்கலை.

"இப்போ எந்த ஊர்லயாவது ஒருத்தி பச்சையைப் பார்த்துக்கிட்டு நிப்பா. அவ வீட்டுக்காரரு 'இறங்கவா'ன்னு கேப்பாரு. நான் பண்ணினதையே அவளும் பண்ணணுமா? அனுப்பிடுங்க. நாளைக் கதையை நாளைக்குப் பார்ப்போம்."

ஒரு காயலான்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். கெர்னல்ல அந்த இடத்தை மாத்தினேன். இனிமே பேர் சொல்லிக் கூப்பிடும், அவனவன் சொல்லணும். பதில் வரலைன்னா பச்சை போயிடும். ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு, சிவப்பு.

அப்புறம் ஸ்கிரீன்ல வர்ற எழுத்துங்க இருக்கிற ஃபைலைத் திறந்தேன். முதல் வேலையா 'ஆள் இறங்கலாம்'ங்கிற வரியைத் தூக்கினேன். எந்த அப்டேட் போனாலும் மெஷினைப் போட்டதும் ஒரு அறிவிப்பு வரும். ஆபரேட்டர் 'படித்தேன்'னு அமுக்கினாத்தான் மேல ஓடும். வழக்கமா 'செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது'ன்னு ஏதாவது சப்பைக்கட்டு போடுவாங்க. நான் என் அறிவிப்பை எழுதினேன். எஸ்தரைப் படிச்சுப் பார்க்கச் சொன்னேன். ஒரு வார்த்தையை மட்டும் மாத்தச் சொன்னா, மாத்தினேன்.

எங்க கம்பெனியில கெர்னல்ல ஒரு எழுத்தைத் தொட்டாலும் ரெண்டு பேர் சரி பார்க்கணும். சரி பார்த்தாங்க, ஓகே சொன்னாங்க. தமிழ் எழுத்துக்கு ஓகே சொல்ல வேண்டியது பிரகதீஷ். அவனுக்குத் தமிழ் பேச வரும், திட்ட வரும். படிக்க மட்டும் வராது. ஸ்கூல்ல ஃபிரெஞ்சு எடுத்தானாம். அதை ஒரு பெருமையாவே எல்லார்கிட்டயும் சொல்லுவான்.

போன்ல கூப்பிட்டான். "நோட்டீஸ் என்ன இவ்வளவு நீளமா இருக்கு?"

"பாதுகாப்பு அறிவிப்பு. நீங்க படிச்சுப் பார்த்துட்டு ஓகே சொல்லுங்க."

"ஐயோ, எங்க படிக்கிறது. பாதுகாப்புன்னா லீகலுக்குப் பிடிக்கும். கடைசியில தனி வரி இருக்கே, உங்க பேர் வேற போட்டிருக்கீங்க போல, குட். ஓனர்ஷிப்." ஓகே அமுக்கினான். எல்லா ஊர் நண்டுக்கும் போயிடுச்சு.

மறுநாள் காலையில கோட்டாட்சியர் ஆபீஸ் வளாகத்துல நண்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாங்க. கோட்டாட்சியர் வயசான மனுசர். குடையைப் பிடிக்க வந்த ஆளை வேண்டாம்னு அனுப்பிட்டு வெயில்லயே நின்னார். பக்கத்துல மேஜை போட்டு டைப்பிஸ்ட் அம்மா. எங்க வக்கீல் பளபளன்னு வந்திருந்தார். எஸ்தர் அதே பச்சைக் கோட்டுல ஓரமா நின்னா.

"ஐயா, வாயு இருந்தா இந்த மெஷின் சிவப்பு காட்டும். கண் இருக்கிற யாரும் பார்க்கலாம். இப்பவே நிரூபிக்கிறேன்"னு சொல்லிட்டு வக்கீல் சுவிட்சைப் போட்டார்.

நண்டு விழிச்சுது. ஸ்கிரீன் முழுக்க எழுத்து. வக்கீல் 'படித்தேன்' பட்டனைத் தேடி விரலை நீட்டினார். "இருங்க, கையை எடுங்க"ன்னார் கோட்டாட்சியர். கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, டைப்பிஸ்ட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமா படிச்சார்.

"'இந்த மெஷினில் நேற்று வரை ஒரு பிழை இருந்தது. கை மாட்டிக்கொண்டால், விஷவாயு இருந்தாலும் ஸ்கிரீன் பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சையை நம்பி ஆளை இறக்கியவர் மேல் குற்றம் இல்லை. நல்லாம்புதூரில் ஜெயசிங் என்பவர் இதனால்தான் இறந்தார். இனி எந்த நிறம் வந்தாலும் யாரும் உள்ளே இறங்காதீர்கள். இப்படிக்கு, பொற்கொடி, கெர்னல் பிரிவு.'"

'இறந்தார்'ங்கிறதுதான் எஸ்தர் மாத்தின வார்த்தை. நான் 'உயிரிழக்க நேரிட்டது'ன்னு எழுதியிருந்தேன்.

வக்கீல் முகம் வெளுத்துப்போச்சு. ஆனா தொழில்காரர், உடனே சமாளிச்சுட்டார். "ஐயா, இது வழக்கமா வர்ற பொதுவான அறிவிப்பு. கம்பெனி சார்பா நான் விளக்கம் கொடுக்கிறேன்."

"பேர் போட்டிருக்கே. பொற்கொடிங்கறது யாரு, வந்திருக்காங்களா?"

"அவங்க சார்பாவும் நானே சொல்லிடறேன், ஐயா."

எனக்கு அந்தக் கோபத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு. எவன் மணி அடிச்சாலும் என்னுதுன்னு எடுத்துக்கிற அதே புத்தி.

"உள்ளேன் ஐயா"ன்னு முன்னாடி போய் நின்னேன்.

கோட்டாட்சியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழையபடி ஓட்டிக் காட்ட முடியுமாம்மா?"

"முடியும் ஐயா. லேப்டாப்ல பழைய கெர்னல், பழைய எழுத்து ஃபைல் ரெண்டும் இருக்கு."

வக்கீல் ஆட்சேபம்னார். அவர் கொண்டுவந்த மெஷின்தானேன்னு கோட்டாட்சியர் கேட்டதும் ஒதுங்கிட்டார். பழையதை ஏத்தினேன். எஸ்தரே வந்து சாக்கை மாட்டினா. நான் குழாயைச் சொருகிச் சிலிண்டரைத் திறந்தேன். வாடை கிளம்பிச்சு. டைப்பிஸ்ட் அம்மா முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. வக்கீல் ரெண்டடி பின்னாடி போனார்.

ஸ்கிரீன் பச்சையா இருந்துச்சு. 'வாயு இல்லை. ஆள் இறங்கலாம்.'

என் போன் பையில அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. பிரகதீஷாத்தான் இருக்கும். யாரோ படிச்சுச் சொல்லியிருப்பாங்க. இனி எனக்கு அந்த ஆபீஸ் கிடையாதுன்னு தெரியும். அவன் திட்டறதை இன்னொரு நாள் கேட்டுக்கலாம்னு எடுக்காம விட்டேன். அறிவிப்பைத் திரும்ப வாங்க அவனால ஆகாது. காலையில மெஷினைப் போட்ட ஊர்லயெல்லாம் அதுக்குள்ள படிச்சிருப்பாங்க.

"மூடுங்கம்மா"ன்னார் கோட்டாட்சியர். டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "இயக்கியவர் மீது தவறு இல்லைன்னு என் அறிக்கையில வரும். இப்பவே குறிச்சுக்கோங்க"ன்னார். அப்புறம் எஸ்தரைப் பார்த்தார். "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?"

அவ நன்றி சொல்லுவா, இல்லை உடைஞ்சு அழுவான்னு எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தோம். அவ நண்டைப் பார்த்துத்தான் பேசினா.

"நான் மேல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன் ஐயா. அவரு உம்னு சொல்லலை. அவருக்குப் பதிலா யாரும் சொல்லவும் இல்லை. அதனாலதான் போயிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. இந்த மெஷினுக்கு மட்டும் கடைசி வரைக்கும் யாரோ சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க."

டைப்பிஸ்ட் அம்மா கை நின்னுபோச்சு. இதை எழுதறதா வேண்டாமான்னு கோட்டாட்சியரைப் பார்த்தாங்க.

"அதையும் எழுதுங்க"ன்னார்.